நமகோரானின் ஒன்பதாவது அடி

பிப்ரவரி 5, திங்கள்

இந்த டைரி மருந்துக்கடையில் இனாமாகக் கிடைத்தது. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது பாக்கியம் பையில் திணித்தாள். "போன்ல கேட்டா எல்லாத்துக்கும் 'நல்லா கீறேன்'னு ஒரே பதில்தான் வரும். தெனம் நடந்தத எழுதி எடுத்துனு வா. நீ வந்தப்புறம் ஒக்காந்து படிக்கிறேன்" என்றாள். முப்பத்தோரு வருஷம் சினிமாவில் மாடியிலிருந்து குதித்தவனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் வீட்டுப்பாடம்.

சரி பாக்கியம், படித்துக்கொள். நான் நன்றாக இருக்கிறேன்.

டோக்கியோவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். சின்ன ஊர். படிக்கப் பிள்ளைகள் இல்லாமல் மூடிவிட்ட ஒரு ஆரம்பப் பள்ளி, அதன் விளையாட்டுக் கூடம்தான் எங்கள் ஸ்டுடியோ. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் கொடுக்கும் துணிச் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். ஊரையே மிதித்து நாசம் செய்யப்போகிற பூதத்துக்கும் அதே சட்டம்தான். கழிப்பறையும் குழாயும் ஆறு வயதுப் பிள்ளைகளின் உயரத்துக்கு இருக்கின்றன. முகம் கழுவக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

படத்தின் நாயகன் நமகோரான் என்கிற கடல் பூதம். 'நமகோ' என்றால் என்ன என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன். ஜெசிந்தா தூத்துக்குடிப் பெண். புருஷனுக்கு இங்கே கார் கம்பெனியில் வேலை, இவளுக்கு முதியோர் இல்லத்தில். டியூட்டி இல்லாத நேரங்களில் எனக்கு மொழிபெயர்க்க வருகிறாள்.

"கடல் அட்டைண்ணே. நம்ம ஊர்ல பிடிச்சா ஜெயிலு. இங்க உள்ளவ்வ சாப்பிடுதாவ."

"கடல் அட்டைக்கு ஏதும்மா காலு?"

"அதத்தான் நானும் டைரக்டர்ட்ட கேட்டேன். காலு இல்லைன்னா உள்ள இருக்க ஆளு எப்படி நடப்பாருன்னு என்னைய திருப்பிக் கேக்காரு."

டைரக்டர் பெயர் குராமோச்சி. அறுபது வயது, பல்வலிக்காரர் போல எப்போதும் கன்னத்தில் கை. கையில் இருந்த ரப்பருக்கு ஒரு குழாய்தான் செய்ய முடிந்ததாம், அதனால் குழாய் வடிவத்தில் என்ன பிராணி இருக்கிறது என்று தேடியிருக்கிறார். ஆறு வருஷம் முன்பு சென்னைக்கு வந்தபோது, நான் கரடி வேஷத்துக்குள்ளிருந்து பாறையில் உருண்டதைப் பார்த்திருக்கிறார். இப்போது அவருடைய வழக்கமான ஆள் கால் முறிந்து படுத்ததும் என் ஞாபகம் வந்திருக்கிறது.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. கடைசிக் காட்சியில் படகுத்துறையில் ஒரு மீனவன் நிற்கிறான். ஊரே ஓடுகிறது, அவன் ஓடவில்லை. பூதத்தை முகத்துக்கு நேரே பார்க்கிறான். பூதம் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. அந்த மீனவன் நான். குளோசப். ஹீரோக்களுக்கு டூப் போட்டே காலம் போயிற்று. என் முதுகைத் தமிழ்நாட்டில் பார்க்காத ஆள் இல்லை, முகத்தைப் பார்த்த ஆள் இல்லை. அந்த ஒரு குளோசப்புக்காக இங்கே வந்திருக்கிறேன்.

இந்த ஊர்ப் பேனாவெல்லாம் மெல்லிசு. எழுதியதே தெரிவதில்லை. கறுப்பு மார்க்கர் வாங்கிக்கொண்டேன். பக்கத்துக்கு ஏழு வரிதான் கொள்கிறது.

பிப்ரவரி 7, புதன்

நான் மாட்டிக்கொள்ளும் பூத வேஷம், ரப்பர் சூட், முப்பத்தெட்டு கிலோ. ஊறிக் காய்ந்த மிதியடி நாற்றம். முதுகில் ஜிப். பூதத்தின் கழுத்தில் இரண்டு ஊசித்துளைகள், அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். மூச்சு விடத் தாடைக்குக் கீழே ஒரு பிளவு. எட்டு நிமிஷத்துக்கு மேல் யாரையும் உள்ளே விடுவதில்லை. வெளியே இழுத்ததும் சூட்டைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள், வேர்வை சொட்ட.

இதையெல்லாம் பார்த்துக்கொள்பவர் நிஷியோ ஸான். இங்கே பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு 'ஸான்' சேர்க்கிறார்கள். ஐம்பதை ஒட்டிய அம்மா, என் தோளுக்குக்கூட வரமாட்டார். ஜிப்பைப் போடுவது, கையைப் பிடித்து செட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்துவது, கட் சொன்னதும் முதல் ஆளாக ஓடிவந்து திறப்பது, எல்லாம் அவர்தான். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலையாம். ஒரு ஆள் மயங்கி விழுந்ததில்லை, ஒரு ஜிப் சிக்கியதில்லை.

அதிகம் பேச மாட்டார். எனக்குச் சர்க்கரை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், இரண்டு ஷாட்டுக்கு ஒரு முறை பிஸ்கட் கொண்டுவந்து கையிலேயே வைத்துவிடுகிறார்.

பிப்ரவரி 9, வெள்ளி

இன்று டைரக்டர் என்னைப் பாராட்டினார். பூதம் நடக்கும்போது கேமரா வேகமாக ஓடுமாம், திரையில் அது மெதுவாகி எடை வந்துவிடுமாம். அதனால் நான் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் வேகத்தில் நடக்க வேண்டும். பழைய ஆள் துளை வழியாகப் பார்த்துப் பார்த்துத் தயங்குவாராம்.

"நீங்க பாக்கவே இல்லாம நடக்கீயளாம்ணே. இப்படி ஒரு ஆளை அவரு கண்டதே இல்லையாம்" என்றாள் ஜெசிந்தா.

"அடி எண்ணி நடக்கிறேன்மா. நம்ம ஸ்டன்ட்ல அதான் பாடம்" என்றேன்.

உண்மைதான். அடி எண்ணுவதுதான் பாடம். சூட்டுக்குள் போனால் யாருக்குமே ஒன்றும் தெரியாது. எல்லோரும் சமம். அதனால் அங்கே இருக்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

மதியம் கூடத்தின் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டேன். ரொம்பச் சுத்தமாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 12, திங்கள்

சாப்பாட்டு டப்பாவின் மேல் என்ன படம் போட்டிருக்கிறது என்று ஜெசிந்தா கேட்டாள். கோழி என்றேன். மீன். கண்ணாடியை ரூமில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

வேலை இல்லை. ரப்பர் கிழிந்து ஒட்டுப்போடுகிறார்கள். துணி துவைத்தேன். இன்று சிவராத்திரி என்று பாக்கியம் போனில் சொன்னாள். சொட்டு மருந்து போடுகிறாயா என்றாள். போடுகிறேன் என்றேன்.

பிப்ரவரி 15, வியாழன்

நாளை முதல் பெரிய செட். இந்த ஊரையே இருபத்தைந்தில் ஒரு பங்காகச் செய்திருக்கிறார்கள். கடைத்தெரு, தபாலாபீஸ், ரயில்வே கேட், கொடியில் காயும் துணி வரைக்கும். நிஷியோ ஸான் என் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வைத்தார். தபாலாபீஸ் கூரை நகத்தளவு ஓடுகளால் வேய்ந்தது.

செட்டின் கடைசியில் வலது பக்கம் ஒரு பள்ளிக்கூடம். நாங்கள் நிற்கும் இதே பள்ளிக்கூடம். கூடத்தை ஊர்க்காரர்கள் சும்மா கொடுத்திருக்கிறார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு. பூதம் எதை வேண்டுமானாலும் மிதிக்கலாம், பள்ளிக்கூடத்தை மட்டும் மிதிக்கக் கூடாது. கதையிலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கு ஒரு அடி முன்னால் பூதம் நின்றுவிடும்.

கணக்கு இதுதான். ரயில்வே கேட்டிலிருந்து இடது காலை முதலில் எடுக்க வேண்டும். ஒன்பது அடி. ஒன்பதாவது அடியில் இடது கால் நாற்சந்தியின் நடுவே வந்து நிற்கும், வலது கால் பின்னால் தங்கிவிடும், பள்ளிக்கூடம் பிழைத்துக்கொள்ளும். கணக்கு தப்பினாலும் ஆபத்தில்லாமல் இருக்கப் பள்ளியின் மாடியில், கேமராவுக்குத் தெரியாமல் என் பக்கம் பார்த்து, ஒரு சின்னச் சிவப்பு பல்ப் வைத்திருக்கிறார்கள். அது கிட்டே வந்தால் நின்றுவிட வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் அதைப் போடுவது நிஷியோ ஸானின் வேலை.

ஒத்திகையில் ஆறு தரம் சரியாக நின்றேன். "விளக்கு நல்லாத் தெரியுதான்னு கேக்காவ" என்றாள் ஜெசிந்தா. பளிச்சென்று தெரிகிறது என்றேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

சீக்கிரம் பேக்கப். எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 17, சனி

எழுதாமல் விட்டால் பாக்கியம் கேட்பாள். எழுதுகிறேன்.

நேற்று பள்ளிக்கூடத்தை மிதித்துவிட்டேன்.

ஒன்பதாவது அடியில் காலுக்குக் கீழே ஏதோ அப்பளம் போல நொறுங்கியது. யாரும் கட் சொல்லவில்லை.  சூட்டுக்குள் என் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் ஜிப் திறந்தது. எப்போதும் ஒரே இழுப்பில் திறக்கும் கை நேற்று இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தது.

பல்ப் எரிந்ததா என்று டைரக்டர் கேட்டார். பல்ப் பள்ளிக்கூடத்தோடு தூளாகிக் கிடந்தது. நிஷியோ ஸான் ஒயரைப் பார்த்தார், சுவிட்ச் பெட்டியைப் பார்த்தார். நான் தடுக்கி ஒயரை இழுத்ததில் பெட்டியும் கவிழ்ந்திருந்தது. போட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் போட்ட ஞாபகம் இல்லை என்றாராம். பிறகு எல்லோருக்கும் முன்னால் இடுப்பு வரை குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. டைரக்டர் என்னிடம் கேட்டார், விளக்கு தெரிந்ததா என்று.

"தெரியல" என்றேன்.

அது பொய் இல்லை.

பிப்ரவரி 19, திங்கள்

பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஊர்க்காரர்கள் பார்க்க வருகிறார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு ஜன்னல், ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டில் பாதி அளவு. செய்தவர் ஒருத்தரால் முடியாது என்று எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கேமராமேன், லைட்மேன், மேக்கப் பெண், டைரக்டர்கூட. வெட்டு, மடி, ஒட்டு.

என்னையும் கூப்பிட்டார்கள். என் விரல் தடிமன், காகிதம் கிழிந்துவிடும் என்று சொல்லித் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன். ஒரே இடத்தை மூன்று தரம் பெருக்கினேன் போல. மேக்கப் பெண் வந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டு நாற்காலியைக் காட்டினாள்.

நிஷியோ ஸான் யாரோடும் உட்காரவில்லை. மூலையில் தனியாக ஒட்டிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மூலையில் டிக், டிக் என்று ஒரு சத்தம் காலையிலிருந்து. எலியா என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

"நிஷியோ ஸான்ணே. புது பல்ப வச்சிகிட்டு சுவிட்ச போட்டுப் போட்டுப் பாக்காவ. வெள்ளிக்கிழமை எப்படிக் கை போச்சுன்னு ஞாபகம் வருதான்னு பாக்காவளாம்."

"சாப்பிட்டாங்களா?"

"இல்ல."

பிப்ரவரி 21, புதன்

ஜெசிந்தாவுக்கு டியூட்டி. பேச ஆள் இல்லை. பேச வேண்டியதும் இல்லை.

பிப்ரவரி 22, வியாழன்

மீனவன் காட்சிக்கு ஒத்திகை. நீளக் கம்பின் நுனியில் ஒரு டென்னிஸ் பந்து. அதுதான் பூதத்தின் கண். உதவி டைரக்டர் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பார், நான் பந்தின் மேலிருந்து பார்வையை எடுக்கக் கூடாது.

இது எனக்குப் பெரிய வேலை இல்லை. கூடத்தின் மரத்தரையில் துணிச் செருப்பு சரக் சரக் என்று தேயும். அந்தச் சத்தம் போகிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பினேன். டைரக்டர் கை தட்டினார். மார்ச் ஒன்றாம் தேதி கடற்கரையில் ஷூட்டிங்.

இன்னும் ஏழு நாள். அதுவரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். முகம் கிடைத்துவிடும்.

கடற்கரை மணலில் செருப்புச் சத்தம் வராதே என்பது ரூமுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

பிப்ரவரி 23, வெள்ளி

காலையில் ஊர்க்காரர்கள் வந்து புதுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார்கள். ஒரு பாட்டி தன் வகுப்பு ஜன்னலைக் கண்டுபிடித்துத் தொட்டாராம். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர்கள் போனபின் நிஷியோ ஸான் டைரக்டரிடம் ஒரு கவர் கொடுத்தார். ஜெசிந்தா என் காதில் சொன்னாள். "வேலைய விடுதாவண்ணே. இந்தப் படம் மட்டுமில்ல. இனிமே எந்தப் படத்துலயும் ஆள சூட்டுக்குள்ள விட்டு ஜிப்பு போட மாட்டாவளாம். கை மேல நம்பிக்கை போச்சாம்."

பாக்கியம், நீ இதைப் படிப்பாய் என்று தெரிந்தே இத்தனை நாள் இதில் பொய் எழுதியிருக்கிறேன். இனி முடியாது. அசதியாக இருக்கிறது.

எனக்கு வலது கண் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இடது கண்ணில் புகை. சர்க்கரை கண் நரம்பில் ஏறிவிட்டது, மாசா மாசம் ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கண்ணாடி மாற்றச் சொன்னார்கள் என்று உன்னிடம் சொன்னேன். ஊசி போட்டால் ஸ்டன்ட் யூனியனில் தெரியும், தெரிந்தால் யார் கூப்பிடுவான்? கண் இல்லாதவனை எந்த மாஸ்டர் கயிற்றில் கட்டுவார்? இந்தப் படம் வந்தபோது சாமியே வழி விட்டது என்று நினைத்தேன். உள்ளே போனால் யாருக்குமே கண் தெரியாத வேலை. வெளியே வந்தால் என் முகம் போட்டு ஒரு குளோசப்.

அந்தச் சிவப்பு பல்பை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒத்திகையில் நின்ற ஆறு தரமும் அடியை எண்ணித்தான் நின்றேன். பல்ப் எரிந்தாலும் அணைந்தாலும் எனக்கு ஒன்றுதான். அன்றைக்கு நிஷியோ ஸான் என் இடது காலைத் தட்டித்தான் அனுப்பினார். எழுந்தது வலது கால். வெள்ளிக்கிழமை, புது செட், முதல் ஷாட். முப்பத்தோரு வருஷமாக எந்த செட்டுக்குள் நுழைந்தாலும் வலது காலை வைத்து நுழைந்தவன். ஒத்திகையில் சரியாக வந்த கால், நிஜ ஷாட் என்றதும் அதுவாக எழுந்துவிட்டது. எட்டாவது அடியிலேயே எனக்குத் தெரிந்தது. அதற்குள் ஒன்பதாவது வைத்துவிட்டேன்.

ஒரு பொம்பளை ஏழு நாளாகச் சோறு தண்ணியில்லாமல் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் முகத்தில் காறித் துப்பலாம்.

பிப்ரவரி 24, சனி

மன்னிப்பு கேட்கக்கூட எனக்கு இன்னொருத்தி வாய் வேண்டியிருக்கிறது. முதலில் ஜெசிந்தாவிடம் சொன்னேன், வாசல் படியில் உட்கார்ந்து. முழுசாகக் கேட்டாள்.

"எங்க ஹோம்ல முப்பது பேருக்கு நான் சோறு ஊட்டுதேன்ணே. டப்பா மேல என்ன படம்னு கேட்டேம்லா, அன்னைக்கே எனக்கு சந்தேகம். அண்ணே மறைக்காவ, நாம ஏன் கேக்கணும்னு விட்டுட்டேன். அது என் தப்பு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப இத நான் சொன்னா உங்க சீன் போயிரும். தெரியும்லா?"

"தெரியும்மா. சொல்லு."

"நீங்க ஒவ்வொரு வார்த்தையா சொல்லுங்க. நான் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

நிஷியோ ஸான் தன் பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், ஜெசிந்தா சொன்னாள். கண், எண்ணிக்கை, வலது கால், எல்லாம். முடித்ததும் நெற்றி தரையில் படக் கும்பிட்டேன். திட்டுவார், இல்லையென்றால் பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னைக்கு விளக்கு எரிஞ்சுதா இல்லையான்னு கேக்காவ."

நான் என்ன சொல்ல? எரிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த அம்மாவின் பாரம் இறங்கிவிடும். அதையும் பொய்யாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லும்மா. எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்லை."

நிஷியோ ஸான் பெட்டியை மூடும் சத்தம் கேட்டது. அப்புறம் எழுந்து என் முழங்கையைப் பிடித்தார். செட்டுக்குக் கூட்டிப்போகும் அதே பிடி. அப்படியே டைரக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

குராமோச்சி ஸான் கத்தவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டார். வந்த நாளிலிருந்து என்றேன். கரடி வேஷத்தின்போதுமா என்று கேட்டார். அப்போது நன்றாகத் தெரிந்தது என்றேன். முப்பத்தெட்டு கிலோவோடு விழுந்திருந்தால் கழுத்து முறிந்திருக்கும், உங்கள் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றபோதுதான் அவர் குரல் உடைந்தது. இனி சூட்டைத் தொடக் கூடாது என்றார். குளோசப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நிஷியோ ஸான் கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

பூதத்துக்கு மீதி இருந்தது மூன்று ஷாட். யார் போடுவது என்று காலையில் கூடிப் பேசினார்கள். அடிக்கணக்கு தெரிந்த ஆள் ஒருத்தர்தான் இருக்கிறார். நிஷியோ ஸான் சூட்டுக்குள் இறங்கினார். குட்டையான உருவம், காலுக்குள் பழைய டயரை வெட்டி அடைத்தார்கள்.

ஜிப்பை நான் போடுகிறேன் என்றேன். அதற்குக் கண் வேண்டாம்.  உள்ளேயிருந்து நிஷியோ ஸான் ஏதோ சொன்னார், உடனே எல்லோரும் வழிவிட்டார்கள். போட்டேன். ஒன்பது அடி. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சரியாக நின்றது என்றாள் ஜெசிந்தா.

சாயங்காலம் பாக்கியத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டைரியில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று தோன்றியது. கடைசி வரை கேட்டாள். பிறகு ஆரம்பித்தாள்.

"ஒண்ணர வருஷம் என் பக்கத்துலயே படுத்துனு, என் மூஞ்சியே தெரியாம இருந்துகீற. ஒரு வார்த்தை சொல்லல. நான் யாரு உனுக்கு?"

 அழுதாள். நானும்தான். கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள். "அந்த குளோசப்பு எடுத்தாங்களா?"

"இல்ல. இனிமே எடுக்க மாட்டாங்க போலகீது."

"போய்க் கேளு. வாய் இல்ல உனுக்கு? இவ்ளோ தூரம் போய்ட்டு வெறும் மூஞ்சியோட வராத."

பிப்ரவரி 27, செவ்வாய்

கேட்டேன். குராமோச்சி ஸான் கன்னத்திலிருந்து கையை எடுத்தாராம். "ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு வண்டி வரும் என்று அன்றைக்கே சொன்னேனே" என்றார்.

மார்ச் 1, வியாழன்

கடல். குளிர் எலும்பில் இறங்கியது. லுங்கியும் பனியனும் மேலே ஒரு கிழிந்த கோட்டும் கொடுத்தார்கள்.

படகுத்துறை மரப்பலகையால் ஆனது, கடலுக்குள் நீண்டு போகிறது. உதவி டைரக்டர் என்னைக் கைபிடித்து நுனிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போனார். பந்து வேண்டாம் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். பூதம் வலமிருந்து இடமாக வருகிறது, பத்து வரை எண்ணிக்கொண்டே முகத்தைத் திருப்பினால் போதும் என்றார். எண்ணுவதுதான் என் தொழில் என்று சொன்னேன். ஜெசிந்தா அதை மொழிபெயர்த்ததும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கேமரா ஓடியது. ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். மூன்றில் ஒரு பெரிய அலை பலகைக்கு அடியில் மோதியது. துறை முழுதும் ஆடியது. ஒரு அரை அடி நகர்ந்துவிட்டேன். எந்தப் பக்கம் நகர்ந்தேன் என்று தெரியவில்லை. விளிம்பு முன்னால் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா, தெரியவில்லை. எண்ணிக்கை போய்விட்டது. கூப்பிட வாயெடுத்தேன், ஷாட் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன். காலை எடுத்தால் கடல். எடுக்காமல் நின்றேன். கடல் சத்தம் எங்கே பெரிதாகக் கேட்டதோ அங்கே முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். எத்தனை நேரம் என்று தெரியாது.

கட் கேட்டது. யாரோ ஓடிவந்து முழங்கையைப் பிடித்தார்கள். நிஷியோ ஸான். இன்னொரு டேக் போகலாமா, எண்ணிக்கையைத் தவறவிட்டேன் என்றேன். வேண்டாம் என்றார் டைரக்டர். கெடுத்துவிட்டேன் என்று வண்டியில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 3, சனி

நாளைக்கு எனக்கு விமானம். அதனால் இன்று மதியமே கூடத்தின் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, எடுத்த வரைக்கும் சுவரில் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் ஜெசிந்தா, இன்னொரு பக்கம் நிஷியோ ஸான்.

சுவரில் வெளிச்சம் மாறி மாறி வந்தது. அவ்வளவுதான் எனக்கு. கட்டடங்கள் விழும் இடத்தில் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு கடல் சத்தம் கேட்டது. தட்டுவதும் பேசுவதும் நின்றுவிட்டது.

"நான்தானாம்மா?"

"நீங்கதாண்ணே. சுவரு முழுக்க உங்க முகம்தான்."

"எப்படிக் கீறேன்? அழகா கீறேனா?"

"இல்லண்ணே." அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "தாடை நடுங்குது. வாயைத் திறக்கப் போயி மூடிக்கிடுதீய. ஓடணும்னு இருக்கு உங்களுக்கு, கால் எடுக்க முடியல. கண்ணு நேர எங்களத்தான் பாக்கு, ஆனா எங்க யாரையும் பாக்கல. எப்பா, இப்படிப் பயந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்லண்ணே."

முப்பத்தோரு வருஷம். மாடி, கண்ணாடி, நெருப்பு, கயிறு. ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டுதான் குதித்தேன். முதுகில் அது தெரியவில்லை. சுவரில் இருப்பது அந்த முகம்தான் என்றால், அது இன்றைக்கு வந்தது இல்லை.

படம் நின்று ஜன்னல் திரையை விலக்கினார்கள்.  பக்கத்தில் நிஷியோ ஸான் மெதுவாக ஏதோ கேட்டார். 

"என்னவாம்?"

"சூட்டுக்குள்ள இருந்த நாளெல்லாம் உங்க மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சான்னு கேக்காவ."

"ஆமான்னு சொல்லும்மா" என்றேன்.